பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது: வங்கியில் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் சேர நினைப்பவர்களுக்கு

வங்கியிலிருந்து வேலைக் கடிதம் வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: “அப்ப நீ கம்பஸ் போகேல்லையோ?”

போவேன் என்றேன்.

“பிறகு வேலைக்குப் போறன் எண்டாய்?”

வேலைக்கும் போவேன் என்றேன். அம்மா பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அன்று இரவு மாமா ஒருவர் போன் எடுத்து, “உது படிப்பு ஓடாத பிள்ளையளுக்கெல்லோ?” என்று விசாரித்தார். எங்கள் வீடுகளில் அப்ரென்டிஸ் என்ற சொல்லுக்கு இன்னும் கராஜ் கிரீஸ் வாசம்தான். கராஜ் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் என்னைவிடக் கூடச் சம்பாதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை. நான்கு வருடம் ஒரு வங்கியின் வணிகக் கடன் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தபிறகு இப்போது தெரியும். இங்கிலாந்தில் பள்ளிக் கடைசிப் பரீட்சையான ஏ லெவல் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பக்கத்தில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன ஏற்பாடு

இங்கிலாந்தில் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் 2015இல் தொடங்கியது. நீங்கள் வங்கியின் முழுநேர ஊழியர். ஒப்பந்தம், சம்பளம், லீவு எல்லாம் உண்டு. அதே காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும் படிக்கிறீர்கள். பெரும்பாலும் 3 முதல் 4 வருடம். படிப்புக் கட்டணத்தில் ஒரு சதம்கூட நீங்கள் கட்டத் தேவையில்லை. வழக்கமான வழியில் போகும் மாணவருக்கு 2025-26இல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ட் வரை. மூன்று வருடத்துக்குக் கணக்குப் பாருங்கள்.

வங்கிக்கு இதில் என்ன லாபம் என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. 2017 ஏப்ரலில் இருந்து, வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தை அப்ரென்டிஸ்ஷிப் லெவி என்று அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் ஆளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். பெரிய வங்கிகள் எப்படியும் கட்டிவிட்டன, அதனால் எடுக்கிறார்கள். அதற்கு மேல், 18 வயதில் பிடித்துப் பழக்கிய பிள்ளை 22 வயதில் வேறெங்கும் போகாமல் நிற்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் கடன் உங்களுக்குக் கிடையாது. கட்டணத்துக்கும் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கும் இல்லை. சம்பளத்துக்குள்தான் ஓட்ட வேண்டும்.

விளம்பரத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ‘லெவல் 6’ என்று இருந்தால்தான் இளங்கலைப் பட்டத்தின் தரம். அதே வங்கி, அதே பக்கத்தில், லெவல் 3, லெவல் 4 அப்ரென்டிஸ்ஷிப்புகளையும் போட்டிருக்கும். அவையும் நல்லவைதான், ஆனால் முடிவில் பட்டம் வராது. லெவல் 6 என்று போட்டிருந்தாலும் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். லெவல் 6இல் பட்டம் இல்லாத பயிற்சிகளும் இருக்கின்றன.

படி 1: நீங்கள் சேரலாமா

ஊரிலிருந்து நேரே விண்ணப்பித்து வரும் வழி இது இல்லை. இங்கே வேலை செய்ய உரிமை இருக்க வேண்டும். பொதுவாகக் கடந்த 3 வருடமாகச் சட்டப்படி இங்கே வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த 3 வருடக் கணக்கு இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. வேலை நேரத்தில் குறைந்தது பாதியாவது இங்கிலாந்துக்குள் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இதே மாதிரி ஒன்று ‘கிராஜுவேட் அப்ரென்டிஸ்ஷிப்’ என்ற பெயரில் தனியாக நடக்கிறது, அதன் விதிகள் வேறு.

மதிப்பெண் வங்கிக்கு வங்கி மாறும். பல்கலைக்கழக விண்ணப்பங்களை நடத்தும் யூகாஸ் அமைப்பின் புள்ளியில் 112 முதல் 128 வரை கேட்பது சாதாரணம், அதாவது ஏ லெவலில் பி, பி, சி முதல் ஏ, பி, பி வரை. ஏ லெவலுக்கு முன் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில் கணக்கும் ஆங்கிலமும் கட்டாயம் பார்ப்பார்கள். ஏ லெவலில் பொருளியல் எடுத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் கூடச் சேர்ந்த ஆறு பேரில் ஒருத்தி வரலாறும் நாடகமும் எடுத்தவள். அவள் எழுதும் கடன் அறிக்கைகளைத்தான் இன்றுவரை மேனேஜர்மார் திருத்தாமல் அனுப்புகிறார்கள்.

படி 2: எந்த வங்கி என்பதைவிட எந்த மேசை

வங்கியின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே கட்டடத்துக்குள் முற்றிலும் வேறான நான்கைந்து வாழ்க்கைகள் நடக்கின்றன.

வணிக வங்கிப் பிரிவில் ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஆகும் வழியில் போனால் உங்கள் நாள் கம்பெனிக் கணக்குகளோடும் வாடிக்கையாளர்களோடும் போகும். முதலீட்டு வங்கியின் ஆப்பரேஷன்ஸ் பக்கம் போனால், யாரோ செய்த பங்கு வியாபாரத்தின் பணமும் பங்கும் சரியான நாளில் சரியான கணக்குக்கு மாறியதா என்று பார்ப்பதே வேலை. மாலை நேரக் கெடுவுக்குள் அது முடிந்தாக வேண்டும். ரிஸ்க், ஆடிட் பிரிவுகள் அமைதியானவை, ஆனால் எழுத்து வேலை கூட. தொழில்நுட்பப் பக்கம் போனால் உங்கள் பட்டமே ‘டிஜிட்டல் அண்ட் டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்’ என்று வரும். கோல்ட்மன் சாக்ஸ் குயின் மேரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தியது அந்த வகை. கோடிங் பிடிக்காதவர் வங்கிப் பெயருக்காக அதில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

லண்டன்தான் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். ஹெச்எஸ்பிசி யூகே தலைமையகம் பர்மிங்ஹாமில் இருக்கிறது. ஜேபி மார்கனுக்கு போர்ன்மத்தில் பெரிய அலுவலகம். பார்க்லேஸின் தொழில்நுட்ப வளாகம் ஒன்று செஷயரில், நட்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில். 18 வயதுச் சம்பளத்தில் லண்டன் வாடகை கட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெற்றோரின் வீடு லண்டனில் இருந்தால் கணக்கு வேறு.

படி 3: விண்ணப்பம்

செப்டம்பரிலேயே தேடத் தொடங்குங்கள். அரசின் அப்ரென்டிஸ்ஷிப் தளம், யூகாஸ் தளம், வங்கிகளின் சொந்தத் தளம், மூன்றையும் பாருங்கள். கடைசித் தேதி பிப்ரவரி என்று போட்டிருக்கும், ஆனால் ஆள் சேர்ந்ததும் நவம்பரிலேயே மூடிவிடுவார்கள். தேதியை நம்பிக் காத்திருந்த என் சிநேகிதி ஒருத்தி இரண்டு வங்கிகளை அப்படித்தான் விட்டாள்.

யூகாஸில் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து தெரிவுகள்தான், ஆனால் அப்ரென்டிஸ்ஷிப்புக்கு எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. ஆகவே யூகாஸ் விண்ணப்பத்தையும் வழக்கம்போலப் போட்டு வையுங்கள். பெற்றோரைச் சமாதானப்படுத்தவும் அது உதவும்.

பிறகு வரிசையாக வரும்: இணையத்தில் கணக்குத் தேர்வு, ‘இந்த நிலைமையில் என்ன செய்வீர்கள்’ வகைக் கேள்விகள், பதிவு செய்து அனுப்பும் வீடியோ நேர்காணல், கடைசியில் குழுப் பயிற்சியும் நேர்காணலும் வைத்துச் சோதிக்கும் அசெஸ்மென்ட் சென்டர். கணக்குத் தேர்வில் வருவது சதவீதமும் விகிதமும்தான், ஏ லெவல் கணக்கு இல்லை. நேரம்தான் எதிரி. கால்குலேட்டரை வைத்து ஒரு வாரம் பழகினால் போதும்.

வீடியோ நேர்காணலுக்கு முன் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். என் பதிலின் நடுவே குக்கர் மூன்று விசில் அடித்தது. இரண்டாம் தடவை எடுக்க அந்த மென்பொருள் விடாது. நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன், பிரச்சினை ஆகவில்லை.

குழுப் பயிற்சியில் கூடப் பேசியவருக்குத்தான் மார்க் என்று நினைப்பது தப்பு. ஐந்து பேர் கத்திக்கொண்டிருக்கும்போது “நேரம் பத்து நிமிடம்தான் இருக்கிறது, இதுவரை இரண்டு விஷயம் ஒத்துக்கொண்டிருக்கிறோம்” என்று சொன்ன ஒருவன் இருந்தான். அவனை எடுத்தார்கள்.

‘ஏன் வங்கி?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். நிதித்துறை மீது சிறுவயது முதலே ஆர்வம் என்று ஆரம்பிக்காதீர்கள், கேட்பவருக்குக் கொட்டாவி வரும். நான் மாமாவின் கடையைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் அங்கே கல்லாவில் நிற்பேன். வியாபாரம் நன்றாகவே போகும், ஆனால் மாதக் கடைசியில் சப்ளையருக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்காது. சரக்கில் பணம் தூங்குகிறது, கார்டில் வாங்கியவர்களின் பணம் இன்னும் வந்து சேரவில்லை, சப்ளையரோ ஏழு நாளில் கேட்கிறார். லாபம் வேறு, கையிருப்பு வேறு என்று அங்கேதான் கண்டேன் என்றேன். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வியையும் கடையைப் பற்றியே கேட்டார். கடையில், பெட்ரோல் ஷெட்டில், கோயில் கணக்கில் நின்று வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அதைக் குறைவென்று நினைத்து மறைக்காதீர்கள்.

படி 4: இடம் கிடைத்தபிறகு, சேரும் முன்

வங்கி உங்கள் பின்னணியைத் துருவும். பழைய முகவரிகள், குற்றப் பதிவு, கடன் பதிவு எல்லாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் பயமில்லை, ஒன்றைத் தவிர. “உன் கணக்கில் கொஞ்சப் பணம் போடுகிறேன், எடுத்துத் தா, உனக்கு நூறு பவுண்ட்” என்று யாராவது கேட்டு, நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் அது மோசடிப் பணம் கடத்துவது. கணக்கு பிடிபட்டால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புத் தரவுத்தளத்தில் உங்கள் பெயர் 6 வருடம் நிற்கும். வங்கி வேலைக்கு அந்த ஒரு வரியே போதும், கதவு மூடிவிடும். சிக்ஸ்த் ஃபார்மில், அதாவது ஏ லெவல் வகுப்பில், படிக்கும் தம்பிமாருக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: வருடா வருடம் சம்பளம் எப்படி ஏறும், படிப்பு நாள் எது, முடித்தபின் நிரந்தர வேலை உண்டா அல்லது ‘முயற்சி செய்வோம்’ என்று மட்டும் இருக்கிறதா. நடுவில் விலகினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். அரசு நிதியில் நடக்கும் அப்ரென்டிஸ்ஷிப்பில் பயிற்சிச் செலவை உங்களிடம் வாங்க முடியாது, நீங்கள் பாதியில் விட்டாலும் முடியாது.

படி 5: சம்பளச் சீட்டு

சட்டப்படி அப்ரென்டிஸுக்கு முதல் வருடக் குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரலில் இருந்து மணிக்கு 8 பவுண்ட். வங்கிகள் அதைவிட நன்றாகவே கொடுக்கின்றன. கையில் எவ்வளவு வரும் என்பதற்கு ஓர் உதாரணம்: வருடச் சம்பளம் 24,000 என்று வையுங்கள். முதல் 12,570க்கு வரி இல்லை. மீதி 11,430இல் 20 சதவீதம் வருமான வரி 2,286. அதே மீதியில் 8 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற அரசுக் காப்புறுதிக் கழிவு 914. ஆக மாதம் கைக்கு வருவது 1,733 பவுண்ட் போல. பென்ஷன் கழிவு இதில் சேரவில்லை.

பென்ஷன் என்றதும் சிரிக்காதீர்கள். சட்டம் 22 வயதானவர்களைத்தான் தானாகச் சேர்க்கச் சொல்கிறது. 18 வயதில் உங்களை யாரும் சேர்க்காமலே விட்டுவிடலாம். நீங்களே கேட்டால் சேர்த்தாக வேண்டும், வங்கியும் தன் பங்கைப் போட்டாக வேண்டும். நான் இதைக் கேட்டது இரண்டாம் வருடத்தில், பக்கத்து மேசை அண்ணா ஒருவர் சொல்லி. முதல் வருடத்து வங்கிப் பங்கு போனது போனதுதான்.

மாணவர்களுக்கு இருக்கும் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளூராட்சி வாங்கும் வரி) விலக்கு உங்களுக்கும் உண்டு என்று நம்பித் தனி வீடு எடுக்காதீர்கள். அப்ரென்டிஸுக்கு அந்தச் சலுகை வாரச் சம்பளம் 195 பவுண்டுக்கு மேல் போகாவிட்டால்தான், வங்கிச் சம்பளம் அதைத் தாண்டிவிடும். லண்டனில் வசிப்பவர்களுக்கு முதல் வருடம் அப்ரென்டிஸ் ஆய்ஸ்டர் கார்டு என்ற பயண அட்டை உண்டு, டிராவல்கார்டில் 30 சதவீதம் குறையும். ரயில் டிக்கெட்டில் சலுகை தரும் 16-25 ரெயில்கார்டு 35 பவுண்ட். ஆனால் வேலை நாளில் காலை 10 மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று வைத்திருப்பதால் அலுவலகப் பயணத்துக்கு அவ்வளவு உதவாது, வார இறுதிக்கு நல்லது.

படி 6: முதல் மூன்று மாதம், வாயை மூடப் பழகும் காலம்

சேர்ந்தவுடன் கணினியில் ஏகப்பட்ட கட்டாயப் பயிற்சிகள் வரும். எல்லாரும் அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போவார்கள். இரண்டை மட்டுமாவது ஊன்றிப் படியுங்கள்: எஃப்சிஏ என்ற நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பின் நடத்தை விதிகள், பணமோசடித் தடுப்பு. நடத்தை விதிகள் புதிதாகச் சேர்ந்த உங்களையும் கட்டும். நேர்மை, கவனம், வாடிக்கையாளர் நலன் என்று கேட்க எளிதாக இருக்கும்.

எவ்வளவு எளிதாக மீறலாம் என்று எனக்கு ஆறாவது வாரம் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளர் போனில், “மூன்று நாளாக என் பணம் ஏன் போகவில்லை?” என்று கேட்டார். திரையில் பார்த்தேன், பணமோசடித் தடுப்புக் குழு அதை நிறுத்தி வைத்திருந்தது. பாவம் மனிதர், உண்மையைச் சொல்லலாமே என்று “அது எங்கட…” என்று தொடங்கும் அளவுக்கு வந்துவிட்டேன், ஆங்கிலத்தில்தான். பக்கத்தில் இருந்த மேனேஜர் எட்டி மியூட் பட்டனை அமுக்கினார். சந்தேகத்தின் பேரில் அறிக்கை போயிருக்கும் ஒருவரிடம் அதைத் தெரியப்படுத்துவது 2002ஆம் ஆண்டின் குற்ற வருமானச் சட்டப்படி குற்றம், 2 வருடம் வரை சிறை. வங்கிக்காரர்கள் ‘டிப்பிங் ஆஃப்’ என்பார்கள். “பரிசீலனையில் இருக்கிறது, தகவல் வந்ததும் அழைக்கிறோம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. வாடிக்கையாளர் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்று நம் ஆட்களுக்கென்றே. நீங்கள் வங்கியில் என்று தெரிந்த நாளிலிருந்து, “அவையின்ர கணக்கில எவ்வளவு கிடக்கெண்டு ஒருக்காப் பார்” என்று கல்யாண வீட்டில் காதுக்குள் கேட்பார்கள். விளையாட்டுக்குக்கூடத் தெரிந்தவர் பெயரைத் தட்டிப் பார்க்காதீர்கள். யார், எப்போது, எந்தக் கணக்கைத் திறந்தார்கள் என்று ஒவ்வொன்றும் பதிவாகும். வேலை போகும். பங்குச் சந்தையில் சொந்தமாக விளையாடுபவர்கள் வாங்கும் முன் வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்றும் பாருங்கள். பிரிவைப் பொறுத்து அது கட்டாயமாக இருக்கும்.

படி 7: புதன்கிழமை

நான்கு வருடத்தில் எது கஷ்டம் என்று கேட்டால் பாடமும் இல்லை, வேலையும் இல்லை. ஒரு நாளைக் காப்பாற்றுவது.

வேலையிலிருந்து விலகிப் படிக்கும் நேரத்தை ஆஃப்-த-ஜாப் என்கிறார்கள். அப்ரென்டிஸ்ஷிப்பில் இது சலுகை இல்லை, விதி. சம்பள நேரத்துக்குள்ளேயே வர வேண்டும். நான் சேர்ந்தபோது வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு. பிறகு விதியின் அளவுகோல் மாறியது, இப்போது ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்தம் இத்தனை மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். வங்கிகள் அநேகமாக வாரத்தில் ஒரு நாளாகவோ, சில வாரங்கள் மொத்தமாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியோ கொடுக்கின்றன. எனக்குப் புதன்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அம்மம்மா சொல்வார். எந்தக் காரியத்துக்குச் சொன்னாரோ, என் மேசைக்கு அச்சாகப் பொருந்தியது. முதல் வருடம் காலாண்டு முடிவு நெருங்கியபோது, “இந்தப் புதன் மட்டும் வர முடியுமா?” என்று அன்பாகக் கேட்டார்கள். புதுப்பிள்ளை எப்படி மாட்டேன் என்பது? போனேன். அடுத்த புதனும். ஆறு வாரத்தில் ஐந்து புதன் போயிற்று. இரவில் பத்து மணிக்கு மேல் பிசினஸ் எகனாமிக்ஸ் கட்டுரை எழுதினேன். 41 மார்க் வந்தது. தேர்ச்சிக்கு 40.

யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் வருகிறாள், அதனால் கேட்டார்கள். பிறகு நான் செய்தவை, நீங்கள் முதல் வாரமே செய்யுங்கள். வருடம் முழுவதுக்கும் புதன்களை எல்லாரும் பார்க்கும் நாட்காட்டியில் அடைத்துப் போடுங்கள். ‘படிப்பு’ என்று எழுதாமல் ‘கட்டாயப் பயிற்சி’ என்று எழுதுங்கள், மரியாதை மாறும். அன்று தானாகப் பதில் போகும் மின்னஞ்சல் வையுங்கள். உண்மையாகவே அவசரம் வந்தால், “சரி, வருகிறேன், பதிலுக்கு வெள்ளிக்கிழமை எடுக்கிறேன்” என்று அந்த இடத்திலேயே எழுதிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போல நீங்கள், மேனேஜர், பயிற்சி நிறுவனத்தின் கோச் மூன்று பேரும் கூடும் முன்னேற்றச் சந்திப்பு நடக்கும். நேரம் பறிபோனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அது. கோச் சொன்னால் அது குறைப்பேச்சு ஆகாது, விதி ஆகிவிடும்.

அப்புறம் அந்த நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதில்தான் பலர் வழுக்குவது. என் முதல் பதிவு இப்படி இருந்தது: ‘மீட்டிங், 2 மணி.’ கோச் திருப்பி அனுப்பினார். திருத்தியது இது: ‘உணவு விநியோகக் கம்பெனி ஒன்றின் கடன் மறுபரிசீலனையில் மூத்த அதிகாரியோடு அமர்ந்து பார்த்தேன், 2 மணி. வாடிக்கையாளர்கள் பணம் கட்ட எடுக்கும் நாட்கள் 45இல் இருந்து 60 ஆகியிருந்தால் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) ஏன் வீங்கும் என்று கற்றேன். அடுத்த தடவை கணக்குகளைப் பார்க்கும்போது இந்த எண்ணை முதலில் கணக்கிடுவேன்.’ எதைச் செய்தேன், எதைக் கற்றேன், அடுத்து எங்கே பயன்படுத்துவேன். மூன்று வரி. அன்றே எழுதினால் ஐந்து நிமிடம். மாதக் கடைசியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது, கதை கட்டத் தோன்றும். வாடிக்கையாளர் பெயர் மட்டும் எந்தப் பதிவிலும் வரக் கூடாது.

படி 8: வேலையையும் படிப்பையும் ஒரே பானையில் போடுவது

இரண்டையும் தனித்தனியாக இழுத்தால் களைத்துப் போவீர்கள். அலுவலகத்தில் பட்ட அடியைக் கட்டுரைக்குத் தலைப்பாக்குங்கள்.

எனக்குக் கிடைத்த அடி ஒன்று. ஒரு கம்பெனி கடன் கேட்டிருந்தது. அதன் கணக்கு அறிக்கையை வங்கியின் படிவத்தில் ஏற்றி, கடனைக் கட்டும் பலம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். வருடத்துக்குக் கையில் மிஞ்சும் பணம் 3 லட்சம் பவுண்ட். வட்டி 60,000. மூன்று லட்சத்தை அறுபதாயிரத்தால் வகுத்து, ஐந்து மடங்கு பலம் இருக்கிறது, அருமையான கம்பெனி என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்தார், கோபப்படவில்லை. “அசலை யார் கட்டுவது?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடம் கட்ட வேண்டிய அசல் 1,90,000. வட்டியோடு சேர்த்து 2,50,000. மூன்று லட்சத்தை அதனால் வகுத்தால் 1.2. அந்தக் கடனுக்கு நாங்கள் வைத்திருந்த எல்லை 1.25. ஐந்து மடங்குப் பலசாலி ஒரே கேள்வியில் எல்லைக்குக் கீழே விழுந்துவிட்டார். விதிமுறையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருந்தால் அதை அடுத்த நாளே மறந்திருப்பேன். இரண்டாம் வருடக் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் கட்டுரையை இந்த ஒரு தவறை வைத்தே எழுதினேன், எண்களை மாற்றி, மேனேஜரின் அனுமதியோடு. அதில் 72.

படி 9: கடைசி வருடம்

பட்டத்துக்கான பாடங்கள் ஒரு பக்கம். அப்ரென்டிஸ்ஷிப்புக்கான இறுதி மதிப்பீடு இன்னொரு பக்கம். சில பயிற்சிகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், எதுவென்று முதல் வருடமே கேட்டு வையுங்கள். பொதுவாக அலுவலகத்தில் செய்த ஒரு புராஜெக்ட், அதைப் பற்றி மதிப்பீட்டாளரோடு ஓர் உரையாடல், நீங்கள் சேர்த்து வைத்த ஆதாரங்கள். மேலே சொன்ன மூன்று வரிப் பதிவுகள் இங்கேதான் சோறு போடும். நான்கு வருடப் பதிவு இருந்தவர்களுக்கு அது இரண்டு வார வேலை. இல்லாதவர்கள் ஈஸ்டர் முழுக்கப் பழைய மின்னஞ்சல் தோண்டினார்கள்.

நடுவில் வங்கி ஆட்குறைப்பு செய்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். பயிற்சியில் 75 சதவீதம் முடித்திருந்தாலோ கடைசி 6 மாதத்தில் இருந்தாலோ, அரசு நிதியில் முடிக்கலாம். அதற்கு முன் என்றால் வேறு முதலாளியைத் தேட 12 வாரம் வரை பயிற்சி தொடரும்.

முடித்ததும் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். வெளியிலிருந்து வரும் பட்டதாரிக்கு அதே மேசையில் என்ன சம்பளம் என்று விசாரியுங்கள். நீங்கள் நான்கு வருட அனுபவத்தோடு நிற்கிறீர்கள், ஆனால் சிலர் கண்ணில் இன்னும் அந்த 18 வயதுப் பிள்ளைதான்.

எதை இழப்பீர்கள்

இதை மறைத்து எழுதினால் அது விளம்பரம். சிநேகிதர்கள் புது மாணவர்களுக்கான ஃப்ரெஷர்ஸ் வாரத்துப் படங்களைப் போடும்போது நீங்கள் தீ விபத்துப் பாதுகாப்பு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்குக் கோடையில் மூன்று மாதம் விடுமுறை, உங்களுக்கு வருடம் முழுவதற்கும் ஐந்தாறு வாரம், அதிலும் பரீட்சைக்கு முன் சில நாள் போய்விடும். வீட்டை விட்டுத் தூரப் போய், தனியாகச் சமைத்து, மூன்று மணி வரை விழித்திருந்து உலகத்தைப் பற்றிச் சண்டை போடும் அந்த வாழ்க்கை வேண்டும் என்று மனம் சொன்னால் அதற்கே போங்கள். கடன் பயத்துக்காக மட்டும் இதில் வந்த இரண்டு பேர் எங்கள் குழுவில் இருந்தார்கள். ஒருவர் ஒன்பதாம் மாதம் போய்விட்டார், இப்போது லீட்ஸில் புவியியல் படிக்கிறார், நன்றாகவே இருக்கிறார்.

மிச்சமிருப்பது ஒரு சின்ன விஷயம். பட்டமளிப்பு விழா பயிற்சி நேரத்தில் சேருமா, லீவு போட வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அம்மா புதுச் சேலை வாங்கி, மாமாவையும் கூப்பிட்டுவிட்டார், நான் கேட்க மறந்துவிட்டேன். விழா வியாழக்கிழமை. லீவு போட்டுத்தான் போனேன்.